சீனா பஜார் கல்லூரியிலிருந்து நிதியமைச்சகம் வரை: ஜான் மத்தாய் ஏன் பதவி விலகினார்?

சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் யார் என்று கேட்டால் ஆர்.கே. சண்முகம் செட்டியார் என்பது விடை. குடியரசான பிறகு முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தவர் யார்? ஜான் மத்தாய். சுதந்திர இந்தியாவின் முதல் ரயில்வே அமைச்சர்? அதுவும் ஜான் மத்தாய். பாரத ஸ்டேட் வங்கியின் முதல் தலைவர்? மறுபடியும் ஜான் மத்தாய்.

ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். ஒரே பெயர் இத்தனை இடத்தில் வந்தால் அச்சுப் பிழையோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. பிழை எதுவும் இல்லை, எல்லாம் ஒரே மனிதர்தான். பொருளாதாரம் படித்து, கற்பித்து, அரசுப் பணிக்குப் போய், அமைச்சராகி, ஒரு கொள்கைத் தகராறில் பதவியைத் தூக்கிப் போட்டவர். அந்தத் தகராறு 1950ஆம் ஆண்டோடு முடிந்துவிடவில்லை. மத்திய அரசின் பணத்தை யார் பங்கிடுவது என்று இன்றைக்கும் நடக்கிற வாதங்களின் வேர் அங்கே இருக்கிறது.

குழப்பம் தரும் மூன்று இடங்கள்

1. எம்.ஓ. மத்தாய் வேறு, ஜான் மத்தாய் வேறு. முன்னவர் நேருவின் தனிச் செயலாளராக இருந்தவர். வழிகாட்டி நூல்களில் இரண்டு பேரும் ஒருவராகிவிடுவது உண்டு.

2. 1946 செப்டம்பரில் அமைந்த இடைக்கால அரசில் ரயில்வே துறை முதலில் ஆசப் அலியிடம் இருந்தது. அதே அரசில் மத்தாய் தொடக்கத்தில் நிதித்துறையைப் பார்த்தார். முஸ்லிம் லீக் அரசில் சேர்ந்து லியாகத் அலி கான் நிதியை எடுத்துக்கொண்டதும், மத்தாய் தொழில் மற்றும் வழங்கல் துறைக்கு மாறினார், பிறகு போக்குவரத்துக்கு. 1947 ஆகஸ்டில் பதவியேற்ற அமைச்சரவையில் ரயில்வே அவரிடம் இருந்தது. கேள்வியில் 'இடைக்கால அரசு' என்று இருக்கிறதா, 'சுதந்திர இந்தியா' என்று இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும்.

3. சண்முகம் செட்டியார் கோயம்புத்தூர்க்காரர். 1947 நவம்பர் 26 அன்று முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். 1948 ஆகஸ்டில் விலகினார். அவருக்குப் பின் நிதியமைச்சரான மத்தாய் 1949, 1950 பட்ஜெட்டுகளைத் தாக்கல் செய்தார். 1950 ஜனவரி 26 அன்று நாடு குடியரசானதால், அந்த ஆண்டு பிப்ரவரி 28 அன்று வந்தது குடியரசின் முதல் பட்ஜெட்.

உயர் நீதிமன்றத்துக்கு எதிரே

ஜான் மத்தாய் 1886இல் கோழிக்கோட்டில் பிறந்தவர். படித்தது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில். தாம்பரத்துக் காட்டுக்குள் இருக்கும் இன்றைய வளாகம் 1937இல்தான் வந்தது. அதற்கு முன் அந்தக் கல்லூரி ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. பலகையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை என்று எழுதியிருந்தாலும் பழைய வியாபாரிகளின் வாயில் அது இன்னமும் சீனா பஜார்தான். நடைபாதைக் கடைகளையும் பாரிமுனைக்குத் திரும்பும் பஸ்களையும் தாண்டிப் பார்த்தால் ஆண்டர்சன் தேவாலயம் தெரியும். கல்லூரி இங்கே இருந்தது என்பதற்கு நிற்கிற சாட்சி அது.

சட்டம் படித்துச் சென்னையில் சில ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்த மத்தாய், பிறகு லண்டன் பொருளாதாரக் கல்லூரிக்குப் போனார். அங்கே அவர் எழுதிய ஆய்வு 1915இல் நூலாக வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் கிராம ஆட்சி எப்படி நடந்தது என்பது பொருள். ஏரியை யார் பராமரித்தார்கள், ஊர்க்காவலை யார் பார்த்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு யார் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் அதில் விரிவாக ஆராய்ந்தார். பொதுக் காரியத்துக்கு யார் பணம் தருகிறார், யார் கணக்குச் சொல்கிறார் என்ற கேள்வி அவரிடம் அப்போதே தொடங்கிவிட்டது.

நாடு திரும்பியபின் சென்னையின் கூட்டுறவுத் துறையில் பணியாற்றினார். மாநிலக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தார். சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராகவும் இருந்தார். 1925இல் சுங்கவரி வாரியத்துக்குப் போனார்.

சுங்கவரி வாரியம் என்றால் என்ன?

வெளிநாட்டுச் சரக்கின் மீது வரி போட்டால் அதன் விலை ஏறும், உள்நாட்டு ஆலைக்கு மூச்சு கிடைக்கும். அந்த மூச்சுக்கான செலவு, கடையில் துணி வாங்குகிறவர் தலையில் விழும். ஆகவே கேட்கிற தொழிலுக்கெல்லாம் பாதுகாப்பு தர முடியாது. 1920களில் இந்தியாவில் மூன்று நிபந்தனைகள் வைக்கப்பட்டன.

1. அந்தத் தொழிலுக்கு மூலப்பொருள், ஆள்பலம், உள்நாட்டுச் சந்தை போன்ற இயற்கையான வசதிகள் இருக்க வேண்டும்.
2. உதவி இல்லாமல் அது வளரவே முடியாது, அல்லது நாட்டுக்கு வேண்டிய வேகத்தில் வளராது என்று தெரிய வேண்டும்.
3. ஒருநாள் பாதுகாப்பு இல்லாமலேயே உலகப் போட்டியைச் சமாளிக்கும் நிலைக்கு வர வேண்டும்.

இந்த மூன்றையும் உரசிப் பார்க்கிற வேலை வாரியத்துடையது. மத்தாய் அதன் உறுப்பினராகவும் பிறகு தலைவராகவும் இருந்தார். பஞ்சாலைத் தொழில் பாதுகாப்புக் கேட்டு வாரியத்தின் முன் நின்ற காலம் அது. பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் சங்கு ஊதிய காலமும் அதுதான். ஆலை முதலாளிகள் கொண்டுவரும் உற்பத்திச் செலவுக் கணக்கை வரி வரியாகப் படித்து, இதில் எது உண்மையான தேவை, எது வெறும் ஆசை என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இந்த வேலையில் ஊறியது என்றே நினைக்கிறேன். பின்னாளில் நிதியமைச்சராக அவர் காட்டிய பிடிவாதத்துக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

அதன்பின் வணிகத் தகவல், புள்ளிவிவரத் துறையின் தலைமை இயக்குநரானார். 1940இல் டாடா நிறுவனத்தில் சேர்ந்தார்.

திட்டம் போட்டவரே திட்டக் குழுவை எதிர்த்தாரா?

1944இல் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பொருளாதாரத் திட்டத்தை வெளியிட்டார்கள். ஜே.ஆர்.டி. டாடா, ஜி.டி. பிர்லா, புருஷோத்தமதாஸ் தாக்கூர்தாஸ், கஸ்தூர்பாய் லால்பாய் போன்ற தொழிலதிபர்களோடு ஜான் மத்தாயும் அதில் கையெழுத்திட்டார். பம்பாய்த் திட்டம் என்று அதற்குப் பெயர். 15 ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் செலவிட்டுத் தனிநபர் வருமானத்தை இரட்டிப்பாக்குவது நோக்கம். அரசு முதலீடு செய்ய வேண்டும், அடிப்படைத் தொழில்களில் அரசின் கை வேண்டும் என்று முதலாளிகளே எழுதிக் கொடுத்த ஆவணம் அது.

ஆறே ஆண்டுகளில் அதே மத்தாய், நாட்டின் வளர்ச்சித் திட்டங்களை வகுக்க அமைந்த திட்டக் குழுவை எதிர்த்துப் பதவி விலகினார். திட்டத்தை வரவேற்றவர் திட்டக் குழுவை ஏன் எதிர்த்தார்? இதை முரண்பாடு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் அதிகம். அது தவறு என்பது என் கருத்து. அதைப் பார்க்குமுன் 1949இல் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும்.

1949: ஒரே நாளில் ரூபாய் இறங்கியது

1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. இந்தியாவின் வணிகம் பெரும்பாலும் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது, நமது கையிருப்பும் லண்டனில் பவுண்டாகத்தான் கிடந்தது. அதனால் ரூபாயையும் அதே அளவு, 30.5 சதவீதம், இறக்க வேண்டியதாயிற்று. முடிவை அறிவித்தவர் நிதியமைச்சர் மத்தாய்.

இதில் எல்லோரும் தடுக்கி விழுகிற கணக்கு ஒன்று இருக்கிறது. ரூபாய் 30 சதவீதம் இறங்கினால் இறக்குமதி விலை 30 சதவீதம்தான் ஏறும் என்று தோன்றும். அப்படியல்ல. முன்பு ஒரு டாலருக்கு 3 ரூபாய் 31 காசு என்ற அளவில் கொடுத்தோம், பிறகு 4 ரூபாய் 76 காசு கொடுக்க வேண்டியிருந்தது. வாங்குகிறவருக்கு ஏற்றம் சுமார் 44 சதவீதம். அன்று நாடு வெளியிலிருந்து தானியம் வாங்கிக்கொண்டிருந்தது. டாலர் கொடுத்து வாங்கிய ஒவ்வொரு மூட்டைக்கும் இந்தக் கூடுதல் விலை உண்டு.

பாகிஸ்தான் தன் ரூபாயை இறக்க மறுத்தது. அதுவரை சமமாக இருந்த இரண்டு ரூபாய்களில், 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்றாகிவிட்டது. இந்தியா அதை ஏற்கவில்லை, வணிகம் ஏறத்தாழ நின்றது. சணல் விளையும் நிலம் பாகிஸ்தானிடம் போன கிழக்கு வங்காளத்தில், சணல் ஆலைகள் கல்கத்தாவைச் சுற்றி. நடுவில் எல்லைக்கோடு. துறைமுகத்தில் இறங்குகிற தானியத்துக்கும், பாரிமுனைக் கிடங்குகளில் அடுக்குகிற பருப்புக்கும் கோணிப்பை வேண்டும், அந்தக் கோணிக்குச் சணல் வேண்டும். வங்காளத்துச் சிக்கல் வங்காளத்தோடு நின்றுவிடக்கூடியது அல்ல என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் இல்லை.

விலைவாசி, அகதிகள் மறுவாழ்வு, காஷ்மீர்ப் போரின் செலவு எல்லாம் சேர்ந்து கஜானா இறுகியிருந்தது. அமைச்சகங்கள் செலவைக் குறைக்க வேண்டும் என்று மத்தாய் வலியுறுத்திக்கொண்டே இருந்தார். இந்த இடத்தில்தான் திட்டக் குழு வருகிறது.

பெட்டிச் சாவி யாரிடம்?

1950 மார்ச் 15 அன்று அமைச்சரவைத் தீர்மானம் ஒன்றின் மூலம் திட்டக் குழு அமைந்தது. அரசியல் சாசனத்தில் அதற்கு இடம் இல்லை, நாடாளுமன்றச் சட்டமும் இல்லை. ஆனால் தலைவர் பிரதமர்.

காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ ஓர் ஊர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். வரவு செலவுக்குப் பொருளாளர் ஒருவர் இருக்கிறார். பெட்டிச் சாவி அவரிடம். திருவிழா முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குப் படிக்க வேண்டியவர் அவர். இப்போது ஊர்த்தலைவர் தன் தலைமையில் தனியாக ஒரு குழுவை வைத்து, எத்தனை நாள் உற்சவம், எத்தனை மேளம், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று முடிவெடுத்து அறிவித்துவிடுகிறார். பொருளாளர் "பணம் இல்லை" என்று சொன்னால் ஊர்த்தலைவரையே எதிர்த்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால், கூட்டத்தில் தலைகுனிந்து நிற்கப்போவது அவர்தான்.

மத்தாயின் வாதத்தை இப்படி அடுக்கலாம்.

1. எந்தச் செலவு முதலில், எது பிறகு என்று முடிவு செய்வது அமைச்சரவையின் வேலை. நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்கிறவர்கள் அவர்கள்தான்.
2. திட்டக் குழு யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல. ஆனால் பிரதமர் தலைவராக இருப்பதால் அதன் யோசனைகள் உத்தரவுபோல் ஆகிவிடும். அது ஓர் இணை அமைச்சரவையாக மாறும்.
3. ஏற்கெனவே செலவுக் கட்டுப்பாடு தளர்ந்திருக்கும் காலத்தில் இப்படி ஓர் அமைப்பு வந்தால் நிதியமைச்சகத்தின் பிடி முற்றிலும் நழுவும்.

திட்டமிடுதல் வேண்டாம் என்று இந்த மூன்றில் எங்கும் இல்லை. திட்டம் இருக்கட்டும், சாவி ஒரு கையில் இருக்கட்டும் என்பதுதான் அவர் சொன்னது. 1944இல் கையெழுத்திட்ட மத்தாயும் 1950இல் விலகிய மத்தாயும் ஒரே மனிதர்தான்.

சிறுபான்மையினர் பாதுகாப்புக்காகப் பாகிஸ்தானுடன் செய்த நேரு-லியாகத் ஒப்பந்தத்திலும் அவருக்கு உடன்பாடு இல்லை, அதுவும் விலகலுக்கு ஒரு காரணம். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அம்பேத்கர், சண்முகம் செட்டியார் போலவே மத்தாயும் காங்கிரஸ்காரர் அல்லாதவராக அமைச்சரவைக்குள் வந்தவர். கட்சிக் கூட்டத்தில் அவருக்காகப் பேச யாரும் இல்லை. நிபுணர் என்ற தகுதியால் அமைச்சராகிறவரிடம் இருக்கும் ஒரே பலம், ஒத்துவராவிட்டால் எழுந்து போய்விடலாம் என்பது. மத்தாய் அதைப் பயன்படுத்தினார். 1950 ஜூன் தொடக்கத்தில் சி.டி. தேஷ்முக் நிதியமைச்சரானார்.

தேஷ்முக் அப்போது திட்டக் குழுவின் உறுப்பினர், நிதியமைச்சரான பிறகும் அதில் தொடர்ந்தார். நிதியமைச்சரே குழுவுக்குள் உட்காருகிற வழக்கம் நிலைத்தது. மத்தாய் சுட்டிக்காட்டிய விரிசலுக்கு அரசு போட்ட ஒட்டு என்று இதைச் சொல்லலாம். மாநிலங்களுக்கு அந்த ஒட்டு உதவவில்லை. சாசனத்தின் 280ஆம் பிரிவின்படி அமைகிற நிதிக்குழு ஒரு பக்கம் வரியைப் பங்கிட்டது, சாசனத்தில் இல்லாத திட்டக் குழு இன்னொரு பக்கம் திட்ட உதவியைப் பங்கிட்டது. முதலமைச்சர்கள் ஆண்டுதோறும் டெல்லிக்குப் போய்த் திட்ட ஒதுக்கீட்டுக்காகப் பேச வேண்டியிருந்தது. 2015 ஜனவரி 1 அன்று நிதி ஆயோக் என்ற ஆலோசனை அமைப்பு வந்து திட்டக் குழு மறைந்தது. 2017-18 பட்ஜெட்டில் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவும் போனது. மத்தாய் 1947 நவம்பரில் தனியாகத் தாக்கல் செய்த ரயில்வே பட்ஜெட்டும் அதே ஆண்டு பொது பட்ஜெட்டுக்குள் கரைந்தது.

மத்தாய் சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வடசென்னையில் இருந்துகொண்டு திட்டக் காலத்தை வெறும் தவறு என்று யாராலும் எழுத முடியாது. 1955இல் பெரம்பூரில் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1969இல் வந்த மணலி சுத்திகரிப்பு ஆலை, 1970இல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் எல்லாம் அந்தக் காலத்துப் பிள்ளைகள். மூன்று தலைமுறைக்கு இவை சோறு போட்டிருக்கின்றன, புகையையும் சாம்பலையும் கொடுத்திருக்கின்றன. எந்த ஊரில் எந்த ஆலை என்று முடிவெடுத்த அறைகளில் எண்ணூர்க் கழிமுகத்தில் வலை வீசுகிறவரின் குரல் இருந்ததில்லை. பதில் சொல்லக் கடமைப்படாத அமைப்பு என்ற மத்தாயின் கவலையை நான் இங்கிருந்துதான் புரிந்துகொள்கிறேன்.

ராஜாஜி சாலையின் சிவப்புக் கட்டடம்

பதவி விலகிய பிறகு அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. இம்பீரியல் வங்கி 1955 ஜூலை 1 அன்று பாரத ஸ்டேட் வங்கி ஆனபோது முதல் தலைவர் அவர். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, ராஜாஜி சாலையில், இந்தோ-சாரசெனிக் பாணியில் நிற்கும் சிவப்புக் கட்டடத்தில் இந்த மாற்றத்தின் முழு வரலாறும் இருக்கிறது. 1843இல் தொடங்கிய மெட்ராஸ் வங்கிக்காக நம்பெருமாள் செட்டியார் கட்டியது அது. 1921இல் இம்பீரியல் வங்கியின் சொத்தானது, 1955இல் ஸ்டேட் வங்கியினுடையது.

பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும், கேரளப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் இருந்தார். 1959இல் பத்ம விபூஷண் பெற்றார், அதே ஆண்டு காலமானார். பால் கூட்டுறவில் பெயர் பெற்ற வர்கீஸ் குரியன் அவருடைய உறவினர்.

நெல்லூருக்குப் போகும் மூட்டை

அவருடைய வேலைகளில் ஜார்ஜ் டவுன் வியாபாரியை அன்றாடம் தொட்டது வேறொன்று. 1953இல் அரசு அமைத்த வரி விசாரணைக் குழுவுக்கு மத்தாய் தலைவர். இந்தியாவின் வரிகள் அனைத்தையும், மத்திய வரி முதல் உள்ளாட்சி வரி வரை, அது ஆராய்ந்தது. விற்பனை வரி அதில் பெரிய தலைவலி.

பொது விற்பனை வரியை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணம், 1939இல், ராஜாஜி ஆட்சியில். கொத்தவால் சாவடிப் பக்கத்து மண்டியிலிருந்து ஒரு மூட்டை மிளகாய் நெல்லூருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 1953 செப்டம்பர் வரை அது ஒரே மாநிலத்துக்குள் நடக்கிற விற்பனை. அக்டோபர் 1 அன்று ஆந்திரா தனி மாநிலமானது. மூட்டை அதே மூட்டை, பாதை அதே பாதை, ஆனால் விற்பனை மாநிலம் தாண்டியதாகிவிட்டது. வரி யாருக்கு? சரக்கு கிளம்பிய சென்னைக்கா, போய்ச் சேர்ந்த நெல்லூருக்கா?

அதே 1953இல் உச்ச நீதிமன்றம், சரக்கு போய்ச் சேரும் மாநிலம் வெளிமாநில வியாபாரியிடமே வரி கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. அப்படியானால் பத்து மாநிலங்களுக்குச் சரக்கு அனுப்புகிற வியாபாரி பத்து மாநில அதிகாரிகளுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். 1955இல் நீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டது, ஆனால் சட்டம் இல்லாத வெற்றிடம் மிஞ்சியது. மாநிலங்களுக்கு இடையிலான விற்பனையை மத்தியச் சட்டத்தின்கீழ் கொண்டுவர வேண்டும் என்பது மத்தாய் குழுவின் யோசனை. 1956இல் அரசியல் சாசனத்தின் ஆறாவது திருத்தமும் மத்திய விற்பனை வரிச் சட்டமும் அந்த வழியில் வந்தன. வரியை விதிப்பது மத்தியச் சட்டம், வசூலித்து வைத்துக்கொள்வது சரக்கு கிளம்பும் மாநிலம் என்று ஏற்பாடு. மண்டிக்காரருக்கு ஒரே அலுவலகம் போதும் என்றானது.

2017இல் ஜிஎஸ்டி வந்தபோது இந்த விதி தலைகீழானது. வரி, சரக்கு போய்ச் சேரும் மாநிலத்துக்குப் போகிறது. பொருளை உற்பத்தி செய்து வெளியே அனுப்புகிற தமிழ்நாடு அன்று எழுப்பிய அச்சம் இதனால்தான். மாநிலங்களுக்கு ஐந்தாண்டு இழப்பீடு தருவதாக மத்திய அரசு ஒப்புக்கொண்டதற்கும், அது 2022 ஜூனில் முடிந்தபோது சத்தம் எழுந்ததற்கும் காரணம் அதுவே.

இன்று கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் இரண்டு பில்களை வாங்கிப் பாருங்கள். தண்டையார்பேட்டைக் கடைக்குப் போன சரக்கின் பில்லில் மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி என்று வரி இரண்டாகப் பிரிந்திருக்கும். நெல்லூருக்குப் போன பில்லில் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி என்று ஒரே வரிதான் இருக்கும். சரக்கு எந்த மாநிலத்துக்குப் போகிறது என்பதைக் கேட்டுக்கொண்டுதான் கணக்குப்பிள்ளை பில் போடுகிறார்.